தொண்டைப் புற்று ஆபரேஷனுக்குப் பிறகு... இன்னும் எவ்வளவு காலம்?

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிகளில் மூட்டை தூக்குகிறவர்கள் பலர் எனக்கு நெடுநாள் பழக்கம். முதுகுப் பிடிப்பு, மூட்டு வலி என்று வருவார்கள். தைலம் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் ஊர்க்கதையும் பேசிவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவர் போன வருஷம் கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். வயது 58. வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர் அன்றைக்குக் கைகூப்பியதோடு சரி. கோவையில் குரல்வளையை முழுவதுமாக எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை. இனி மூச்சு அதன் வழியாகத்தான்.

அவரையும் அவர் மனைவியையும் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, மகன் மட்டும் உள்ளே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

"நாடி புடிச்சுப் பாத்தா தெரியும்னு சொல்றாங்க டாக்டருங்க. அப்பா இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பாருன்னு மட்டும் சொல்லிருங்க. ஆஸ்பத்திரியில கேட்டா பர்சென்ட் கணக்குப் பேசறாங்க, ஒண்ணும் வெளங்கலைங்க. நாலாவது ஸ்டேஜுன்னு எழுதியிருக்குது. தங்கச்சி கல்யாணத்தை முன்னாடியே வச்சரலாமான்னு பாக்கறோம்."

வாசகர்களே, இந்தக் கேள்வி என்னிடம் வருவது முதல் தடவை அல்ல. சித்த வைத்தியன் என்றால் நாள் குறித்துக் கொடுப்பான் என்று நம்மூரில் ஒரு நினைப்பு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்களும் படித்தோம். எண்வகைத் தேர்வில் நாடி உண்டு. நெய்க்குறி உண்டு: காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வட்டமிடுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாதம், பித்தம், கபம் சொல்வோம். இந்த நோய் தீரும், இது தீராது என்று பிரித்துச் சொல்கிற பாடமும் உண்டு. அந்தப் பெரியவர்கள் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: குரல்வளையை எடுத்த ஒரு மனிதர் ஐந்து வருஷம் இருப்பாரா, பத்து வருஷம் இருப்பாரா என்று நாடியோ நெய்க்குறியோ சொல்லாது. சொல்கிறேன் என்று எவராவது உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"பையில என்ன இருக்குது தம்பி? எல்லாத்தையும் எடு" என்றேன். ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, பில், டிஸ்சார்ஜ் பேப்பர். எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த இரண்டு தாள். வெட்டி எடுத்த சதையைப் பரிசோதித்து எழுதிய பயாப்ஸி ரிப்போர்ட். வீட்டில் ஒருவரும் அதைப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு எங்கேயாவது பதில் இருக்கிறதென்றால் அந்தத் தாளில்தான்.

நாலாவது ஸ்டேஜ் என்றால் முடிந்ததா?

முதலில் இந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். தொண்டை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், குரல்வளை வேறு, அதன் பின்னால் சோறு இறங்குகிற பாதை வேறு. குரல் நாணில் வரும் புற்று சீக்கிரமே குரலைக் கம்ம வைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். பின்பக்கத்தில் வருவது சத்தமில்லாமல் வளரும். முழுங்கும்போது உறுத்தல், காதுப் பக்கம் குத்தல் என்று தெரிவதற்குள் முற்றியிருக்கும். அதனால்தான் பின்பக்கப் புற்றுக்குக் கணிப்பு எப்போதும் கொஞ்சம் மோசம்.

மூன்றாம், நான்காம் நிலைகளைத்தான் முற்றிய புற்று என்கிறார்கள். இந்த நோயில் நான்காம் நிலைக்குள்ளேயே ஏ, பி, சி என்று மூன்று படிகள் உண்டு. நுரையீரல், எலும்பு என்று தூரத்து உறுப்புக்குப் போய்விட்டதைத்தான் 4-சி என்பார்கள். 4-ஏ என்பது, புற்று குரல்வளைக் குருத்தெலும்பைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது, அல்லது கழுத்து நெறிகளுக்குப் போயிருக்கிறது, ஆனாலும் வெட்டி எடுக்கக்கூடியது என்று அர்த்தம். ஆபரேஷன் செய்திருக்கிறார்கள் என்பதே குணப்படுத்தும் எண்ணத்தோடு இறங்கியிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். நம் மண்டிக்காரரின் தாளில் இருந்தது 4-ஏ. மகன் '4'-ஐப் பார்த்தான்; 'ஏ'-வைப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு தாளில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கும். எல்லாம் நமக்குத் தேவையில்லை. முதலில் கழுத்து நெறி என்ன ஆனது என்று பாருங்கள்.

குரல்வளையை எடுக்கும்போது கழுத்தின் பக்கங்களில் உள்ள நெறிகளையும் கொத்தோடு எடுத்து எண்ணிப் பார்க்கிறார்கள். '34-ல் 2' என்பது போல எழுதியிருப்பார்கள். 34 நெறி கிடைத்தது, அதில் இரண்டில் புற்று இருந்தது என்று பொருள். கழுத்து நெறிக்குப் பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அமெரிக்கப் பதிவேடுகளில் குரல்வளையோடு நின்ற புற்றில் ஐந்து வருஷம் கழித்தும் இருப்பவர்கள் நூற்றுக்கு எண்பதை ஒட்டி. பக்கத்து நெறிகளுக்கோ திசுக்களுக்கோ பரவியதில் பாதிக்குச் சற்றுக் கீழே. ஒரு நெறிக்கும் ஐந்து நெறிக்கும் வித்தியாசம் உண்டு. மொத்தமே ஏழெட்டு நெறிதான் எண்ணியிருக்கிறார்கள் என்றால் 'ஒன்றிலும் இல்லை' என்பதை அவ்வளவாக நம்ப முடியாது. பதினெட்டுக்கு மேல் கிடைத்திருந்தால் கழுத்தை நன்றாகத் துப்புரவாக்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குள்ளேயே இன்னொரு வரி. நெறிக்கு மேல் மெல்லிய உறை உண்டு, கடலைப் பருப்புக்கு மேல் தோல் போல. புற்று அந்த உறைக்குள்ளேயே இருக்கிறதா, கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதா? ரிப்போர்ட்டில் 'எக்ஸ்ட்ரா நோடல் எக்ஸ்டென்ஷன்' என்று இருக்கும். 'இல்லை' என்றிருந்தால் பெருமூச்சு விடலாம். 'இருக்கிறது' என்றால் நோய் திரும்ப வரும் ஆபத்து கூடுதல். இது எவ்வளவு முக்கியம் என்றால், 2018-ல் நடைமுறைக்கு வந்த நிலைக்கணக்கில் இதற்கென்றே தனி இடம் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1998. நான் இங்கே வைத்தியசாலை ஆரம்பித்து இரண்டாம் வருஷம். ஒரு லாரி டிரைவர் குரல் கம்மிப்போய் வந்தார். கட்டு பீடி குடிப்பவர். கபம் என்று நினைத்து ஆடாதோடை மணப்பாகும் திப்பிலி இரசாயனமும் கொடுத்தேன். ஒரு வாரம் தேவலை போலிருந்தது, மறுபடி கம்மியது. மருந்தை மாற்றினேன். பத்தியம் சொன்னேன். இரண்டரை மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் அவரே கழுத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க நெறி கட்டியிருக்குதுங்க, ஆனா வலியில்லீங்க" என்றார். புளியங்கொட்டை அளவு, கல் மாதிரி. வலியில்லை என்று அவர் சந்தோஷமாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. கோவைக்கு அனுப்பினேன். ஆபரேஷன் ஆயிற்று, கரண்ட்டும் வைத்தார்கள். பதினாலாம் மாதம் கழுத்திலேயே திரும்ப வந்து போய்ச் சேர்ந்தார். அந்த நெறி என் கையில் மருந்து சாப்பிட்ட நாட்களில் கட்டியதா, முன்பே இருந்ததா, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிய எவருக்கும் காது-மூக்கு-தொண்டை டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் நான் ஒரு பொட்டலம்கூட மடித்துக் கொடுப்பதில்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். நெறிக்கு அடுத்தது 'மார்ஜின்'. தோட்டத்தில் கோரையைத் தோண்டும்போது சுற்றிலும் நல்ல மண்ணையும் சேர்த்துத்தானே தோண்டுகிறோம்? அதே மாதிரி புற்றைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து எடுக்கிறார்கள். வெட்டிய ஓரத்தில் புற்று அணு தென்படாமல், ஐந்து மில்லிமீட்டராவது நல்ல சதை இருந்தால் ஓரம் சுத்தம். அதற்குக் குறைந்தால் நெருக்கம். ஓரத்திலேயே இருந்தால் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

2004-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒரே மருத்துவ இதழில் வெளிவந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, நெறியின் உறை கிழிந்தவர்களுக்கும் ஓரத்தில் புற்று இருந்தவர்களுக்கும் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்த்துக் கொடுப்பது பலன் தந்தது தெரிந்தது. ஆகவே இந்த வரிகள் சும்மா பயமுறுத்த எழுதியவை அல்ல. அடுத்து என்ன சிகிச்சை என்பதை முடிவு செய்கிற வரிகள். நம் மண்டிக்காரருக்கு இரண்டு நெறி, உறை கிழியவில்லை, ஓரம் சுத்தம். எனவே கரண்ட் மட்டும் போதும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

பர்சென்ட் என்பது யாருக்கு?

"நூத்துல அம்பது பேருன்னாங்க. அப்ப எங்கப்பா எந்த அம்பதுல இருக்காரு?" என்றான் பையன். சரியான கேள்வி. பதில், ஒருவருக்கும் தெரியாது என்பதுதான்.

நீலகிரியில் கனமழை, பில்லூர் அணை நிரம்புகிறது என்றால் பவானிக் கரையோரம் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை வருகிறது. எந்த வீட்டுத் திண்ணை வரைக்கும் தண்ணீர் ஏறும் என்று அவர்கள் சொல்வதில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையை வைத்து நாம் ஆட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுகிறோம் அல்லவா? பர்சென்ட் கணக்கும் அவ்வளவுதான். முன்பு இதே மாதிரி நோயோடு வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு என்ன நடந்தது என்ற கணக்கு. ஆளைக் காட்டாது; ஆபத்து எவ்வளவு என்று காட்டும். இப்போது வயது, நிலை, நெறி எண்ணிக்கை எல்லாவற்றையும் போட்டால் விடை சொல்கிற கம்ப்யூட்டர் கணக்குகளும் உண்டு. அவையும் கூட்டத்தைப் பற்றித்தான் பேசுகின்றன.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்று அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி. 1982-ல் அவருக்கு வயிற்றில் அபூர்வமான ஒரு புற்று வந்தது. புத்தகத்தில் போட்டிருந்த இடைநிலை ஆயுள் எட்டு மாதம். கணக்குத் தெரிந்த மனுஷர் என்பதால் யோசித்தார்: பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் போகிறார்கள் என்றால், மீதிப் பாதிப் பேர் அதற்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வெகுகாலம் இருக்கிறார்கள். அவர் இன்னும் இருபது வருஷம் இருந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நடுவில் இருக்கிற எண் கடைசி எண் அல்ல என்று சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்தை ஆஸ்பத்திரியில் அவசரத்தில் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தொண்டைப் புற்று திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும். ஆபரேஷன் அன்றைக்குச் சொன்ன கணக்கு, இரண்டு வருஷம் நோயில்லாமல் தாண்டியவருக்குப் பொருந்தாது. அவருடைய கணக்கு ஏற்கெனவே மேலே போயிருக்கும். டிஸ்சார்ஜ் பேப்பரில் எழுதிய எண்ணையே நாலு வருஷம் கழித்தும் நினைத்து நினைத்துச் சாப்பிடாமல் கிடந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

நம்மூர்ப் பெரியவர்கள் கேட்கிற கேள்வி வேறு: "அண்ணாவையே அமெரிக்காவுல கொண்டு போய் வெட்டியும் காப்பாத்த முடியலையே?" உண்மைதான். 1968 செப்டம்பரில் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் அறிஞர் அண்ணாவுக்கு ஆபரேஷன் நடந்தது. நவம்பரில் திரும்பினார். ஓய்வெடுங்கள் என்றதைக் கேட்காமல் விழாக்களில் பேசினார். 1969 பிப்ரவரி 3-ம் தேதி காலமானார், வயது 59. ஆனால் அவருக்கு வந்தது உணவுக்குழல் புற்று. குரல்வளைப் புற்றைவிடப் பொல்லாதது. அதுவும் எந்தக் காலம்? சி.டி. ஸ்கேன் என்ற ஒன்று 1971-ல்தான் முதன்முதலில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. சிஸ்பிளாட்டின் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1978-ல். இன்னும் பின்னால் போனால், வியன்னாவில் பில்ரோத் என்ற சர்ஜன் 1873 டிசம்பர் 31-ம் தேதி புற்றுக்காக ஒரு குரல்வளையை முதன்முதலாக முழுதாக எடுத்தார். அந்த நோயாளி சில மாதங்களே இருந்தார். வேறு உறுப்பில், வேறு காலத்தில் நடந்ததை வைத்து உங்கள் வீட்டு ஆளின் ஆயுளை அளக்காதீர்கள். (அண்ணாவுக்குப் புகையிலை போடும் பழக்கம் இருந்தது என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.)

நம் கையில் இருப்பது

நெறியையும் மார்ஜினையும் இனி நாம் மாற்ற முடியாது. ஆனால் கணிப்பை மேலேயோ கீழேயோ தள்ளுகிற சில விஷயங்கள் ஆபரேஷனுக்குப் பிறகும் பாக்கி இருக்கின்றன. அவை பெரும்பாலும் வீட்டில் நடப்பவை.

கரண்ட் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் ஆபரேஷன் நடந்து ஆறு வாரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். இதில்தான் நம் ஜனங்கள் கோட்டை விடுகிறார்கள். புண் ஆறட்டும், நோம்பி முடியட்டும், தைப்பொங்கல் போகட்டும், பணம் புரட்டிவிட்டுப் போகலாம்... மூன்று மாதம் ஓடிவிடும். மிச்சம் மீதி இருக்கிற அணுக்களுக்கு அது நாம் கொடுக்கிற சீதனம். சொத்தைப் பல் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கி, ஈறு ஆற வேண்டும். ஆகவே பல் டாக்டரை முதல் வாரங்களிலேயே பாருங்கள். தையல் வழியே எச்சில் கசிந்தால் வீட்டில் களிம்பு போட்டுக்கொண்டிராமல் அன்றைக்கே போங்கள். பணம்தான் தடை என்றால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது பீடி, சிகரெட், புகையிலை, சாராயம். "எல்லாம் போனப்புறம் இனி எதுக்குங்க விடணும்?" என்பார்கள். கழுத்து ஓட்டை வழியாகவே பீடி இழுத்தவரைப் பார்த்திருக்கிறேன்! புகைத்துக்கொண்டே கரண்ட் வைத்தால் அதன் பலன் குறைகிறது. அதோடு, இத்தனை வருஷம் புகை பட்ட வாய், உணவுக்குழல், நுரையீரல் எல்லாமே பாதி வெந்த நிலையில் இருப்பவை. முதல் புற்றிலிருந்து தப்பிய பலரை இரண்டாவது புற்று வந்து கொண்டுபோகிறது. நம் பக்கம் பாக்குத் தோப்பு அதிகம், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வெறும் பாக்கும் புற்று உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்திவிட்டது. விளைவிப்போம், விற்போம். இந்த நோய் வந்தவர் வாயில் போட வேண்டாம்.

சாப்பாடு. உடம்பு பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தவர்கள் ஆபரேஷனையும் கரண்ட்டையும் தாங்குவது கஷ்டம். மூக்குக் குழாய் வழியாக என்றாலும் கஞ்சி, பால், முட்டை, பருப்புத் தண்ணீர், வேர்க்கடலையை அரைத்து வடிகட்டிய பால் என்று கணக்குப் பார்த்துக் கொடுங்கள். நான் பத்தியம் சொல்கிற ஜாதிதான். இவர்களுக்குப் பத்தியம் சொல்வதில்லை.

இனி என் சொந்தத் துறை. சேராங்கொட்டை மருந்தும் பற்பமும் செந்தூரமும் கொடுத்தால் புற்று கரையும் என்று சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப்போடச் செய்கிறவர்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். சிஸ்பிளாட்டின் ஏறுகிற காலத்தில் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் உலோக மருந்தை ஏற்றுவது பெரும் தப்பு. எதைச் சாப்பிட்டாலும் புற்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிறகு, சொன்ன தேதிக்குப் போவது. முதல் வருஷம் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் இடைவெளி கூடும், ஐந்து வருஷம் வரை விடக்கூடாது. சும்மா கழுத்தைத் தடவிப் பார்த்து அனுப்புகிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தடவலில் கிடைக்கிற சின்ன நெறியை மறுபடி எடுக்க வழி உண்டு. சோர்வு, குளிர், முகம் உப்பல் என்றால் நோய் திரும்பிவிட்டது என்று அலற வேண்டாம். கரண்ட் பட்ட தைராய்டு மந்தமாகிவிடும், ரத்தம் எடுத்துப் பார்த்து ஒரு மாத்திரையில் சரி செய்வார்கள். பவானியில் முங்கிக் குளிப்பது மட்டும் இனி கிடையாது. தண்ணீர் அந்த ஓட்டை வழியாக நேரே நுரையீரலுக்குப் போகும்.

இதையெல்லாம் அன்றைக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். கடைசியில் திண்ணையில் இருந்தவரை உள்ளே கூப்பிட்டு, அவர் முன்னாலேயே மறுபடி சொன்னேன். நோய் அவருடையது, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டுவிட்டு மகன் கையிலிருந்த பேனாவை வாங்கி, பில்லின் பின்பக்கத்தில் எழுதினார்: "கரண்ட் எப்ப?"

ஐந்தாம் வாரம் ஆரம்பித்து முடித்தார். நடுவில் தொண்டை வெந்து, நாலு கிலோ குறைந்து, போதும் என்று இரண்டு தடவை சைகை காட்டினாராம். மனைவி விடவில்லை. பெங்களூரில் டாக்டர் விஷால் ராவ் என்பவர் ஏறத்தாழ 50 ரூபாய்ச் செலவில் பேச்சுக் கருவி செய்ததைப் பேப்பரில் படித்துவிட்டு மகன் விசாரித்தான். கடைசியில் கோவையிலேயே ஒரு வால்வு பொருத்திவிட்டார்கள்.

போன மாதம் மூவரும் வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பத்திரிகை. கல்யாணத்தை முன்னாடி வைக்கவில்லை. முதலில் யோசித்திருந்த தை மாதத்திலேயே முகூர்த்தம். அவர் கட்டை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, தகரத்தில் உரசுகிற மாதிரிக் குரலில், "குடும்பத்தோட வந்தரோணுமுங்க" என்றார்.

"அடுத்த செக்கப் எப்பங்ணா?" என்றேன். மகன் முந்திக்கொண்டான்: "முகூர்த்தத்துக்கு முன்னாடி புதன்கிழமைங்க. பந்தக்கால் நட்ட கையோட போயிட்டு வந்தர்றோமுங்க."